ஊசிமுனை கேள்வி – பதில்: இட்டாலோ டிஸ்கோ தொகுப்புகள்

மதுரையில் 1985 முதல் 1994 வரை நான் நடத்திய, கேசட்டில் பாட்டு பதிந்து கொடுக்கும் ரெக்கார்டிங் சென்டரைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். தூத்துக்குடிக் கப்பல்காரர் ஒருவர் ஹாம்பர்க் துறைமுகத்தில் வாங்கிவந்து என் கையில் கொடுத்த ‘தி பெஸ்ட் ஆஃப் இட்டாலோ டிஸ்கோ’ என்ற இரட்டை இசைத்தட்டைப் பற்றி அதில் வந்தது நாலே வரி. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த நாலு வரியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆகவே இந்த இதழ் முழுக்க இட்டாலோ டிஸ்கோ போன்ற, எண்பதுகளின் சின்தசைசர் நடனப் பாட்டுகளும் அவற்றின் தொகுப்புகளும்தான்.

இத்தாலிப் பாட்டு, ஜெர்மன் கம்பெனி, ஆங்கில வரிகள் என்கிறீர்கள். இட்டாலோ டிஸ்கோ என்பது உண்மையில் எந்த ஊர்ச் சரக்கு?
– வாசகர், கோவில்பட்டி

மூன்றும் சரிதான். கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. எழுபதுகளில் இத்தாலியின் நடன அரங்குகளில் ஓடியவை பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான தட்டுகள். 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கொமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் புகுந்ததில் அன்றைய இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை. அந்த வெறுப்பு கிளம்பிய பிறகு பெரிய அமெரிக்கக் கம்பெனிகள் டிஸ்கோவிலிருந்து மெல்லக் கையை எடுத்துக்கொண்டன. இத்தாலியில் ஆடுகிறவர்களோ ஆட்டத்தை நிறுத்தவில்லை. வெளியூர்ச் சரக்கு வரத்து குறைந்தால் உள்ளூரிலேயே செய்துகொள்ள வேண்டியதுதானே?

அதற்குக் கருவிகளும் சரியான நேரத்தில் வந்தன. ரோலண்ட் டி.ஆர்.-808 டிரம் மெஷின் 1980-ல், ஜூனோ-60 சின்தசைசர் 1982-ல், யமஹா டி.எக்ஸ்.7 1983-ல். அதே 1983-ல், வெவ்வேறு கம்பெனிகளின் வாத்தியங்களை ஒரே கம்பியில் இணைத்து ஓட்டும் ‘மிடி’ முறையும் வந்துவிட்டது. இருபது பேர் வயலின் வாசிக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன அறையும் இரண்டு ஆளும் போதும் என்று ஆனது.

ஜெர்மானியர்கள் எங்கே வந்தார்கள்? கோடை விடுமுறைக்கு ரிமினி, ரிச்சோனே என்று அட்ரியாடிக் கடற்கரைக்குக் குடும்பம் குடும்பமாகப் போகிறவர்கள் அவர்கள். அங்கே இரவில் ஆடிய பாட்டை ஊர் திரும்பியதும் கடையில் தேடுவார்கள். பாட்டின் பெயர் தெரியாது, பாடியவர் பெயர் வாயில் நுழையாது. இந்தத் தேடலுக்குச் சரக்கு கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் பெர்ன்ஹார்ட் மிகுல்ஸ்கி. ஹெஸ்ஸே மாநிலத்திலிருந்து இசட்.ஒய்.எக்ஸ். என்ற கம்பெனியை நடத்தியவர். இத்தாலியின் சின்னச் சின்னக் கம்பெனிகளிடமிருந்து உரிமை வாங்கி, 1983-ல் ஒரு தொகுப்பாகப் போட்டார். அட்டையில் ‘இட்டாலோ டிஸ்கோ’ என்று அச்சிட்டார். இத்தாலியில் எடுத்த கௌபாய் படங்களை ‘இட்டாலோவெஸ்டர்ன்’ என்று சொல்லிப் பழகிய ஜெர்மானியர்களுக்கு அந்தச் சொல் உடனே ஒட்டிக்கொண்டது. 1991 வரை அந்த வரிசையில் பதினாறு தொகுதிகள் வந்தன.

இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. வழக்கமாக ஒரு இசை முதலில் பிறக்கும், பெயர் பெறும், பிறகுதான் யாராவது தொகுப்பு போடுவார்கள். இங்கே நடந்தது தலைகீழ். இந்த இசைக்கு உலகம் முழுக்க வழங்கும் பெயரைக் கொடுத்ததே ஒரு தொகுப்பின் அட்டைதான். மிலானில் ஒருவரும் ரோமில் ஒருவரும் தனித்தனியாகச் செய்துகொண்டிருந்ததை ஒரே குடும்பம் என்று காட்டியது அந்த அட்டை.

ஊரார் பாட்டை எடுத்து வரிசையாக அடுக்குவதில் என்ன கலை இருக்கிறது? பூக்கடைக்காரர் தோட்டக்காரர் ஆகிவிடுவாரா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

ஐயா, ஆகமாட்டார். ஆனால் பூ கட்டுகிறவர் கையைப் பார்த்திருப்பீர்கள். ஒரே மல்லிகைதான், ஒருவர் கட்டினால் சாயங்காலம் வரை சரம் நிற்கும், இன்னொருவர் கட்டினால் தெருமுனை தாண்டுவதற்குள் உதிரும்.

நான் சொந்தமாகச் செய்த வேலையிலிருந்தே சொல்கிறேன். சென்டருக்கு வருகிறவர்கள் சி-90 கேசட்டைக் கொடுத்து, “அண்ணே, டிஸ்கோ போட்டுக் கொடுங்க” என்பார்கள். பக்கத்துக்கு 45 நிமிஷம். பதிவுக்கூலி 12 ரூபாய். (உரிமம் இல்லாமல் செய்த வேலை அது. அன்று எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை, இன்று உறைக்கிறது.) முதல் ஆறு மாதம் கையில் கிடைத்த தட்டைக் கையில் கிடைத்த வரிசையில் பதிந்து கொடுத்தேன். வாங்கிப்போனவர்கள் குறை சொல்லவில்லை, ஆனால் இரண்டாவது கேசட் கேட்டும் வரவில்லை.

அப்புறம்தான் கப்பல்காரர் கொடுத்த தட்டை வரிசை மாற்றாமல் முழுக்க உட்கார்ந்து கேட்டேன். முதல் பக்கத்தின் முதல் பாட்டு நிதானமான வேகம். கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணினேன்: 15 விநாடிக்கு 28 தாள அடி. அடுத்தது 29. அதற்கடுத்தது 30. கால் தானாக வேகம் பிடிக்கிறது, ஆனால் வேகம் கூடியது கேட்கிறவருக்குத் தெரியவே தெரியாது. நான்காவது பாட்டில் சட்டென்று 27-க்கு இறங்கி, பெரிய மெட்டாக, கொஞ்சம் சோகமாக ஒரு பாட்டு. ஆடினவர் மூச்சு வாங்கும் இடம் அது. நம் கச்சேரியில் விறுவிறுப்பான ஒரு உருப்படிக்குப் பிறகு சாவகாசமாக ஒரு ராகத்தை எடுத்துக்கொள்வார்களே, அந்தக் கணக்கு.

அன்றிலிருந்து ஒரு நோட்டு போட்டேன். ஒவ்வொரு பாட்டுக்கும் மூன்று கட்டம்: 15 விநாடிக்கு எத்தனை அடி, பாட்டு எப்படித் தொடங்குகிறது, எப்படி முடிகிறது. வெறும் டிரம்மோடு முடியும் பாட்டுக்குப் பின்னால் வெறும் டிரம்மோடு தொடங்கும் பாட்டு. மெல்லத் தேய்ந்து முடியும் பாட்டுக்குப் பின்னால் ஒரே அடியாக எழும் பாட்டு. நோட்டு போட்ட பிறகு வந்த கூட்டத்தை நான் இங்கே பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்: தேனி, திண்டுக்கல்லிலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்தார்கள். பாட்டு அதே பாட்டுதான், ஐயா. நூல் மட்டும்தான் என்னுடையது.

இன்னொரு பக்கமும் உண்டு. இந்தப் பாட்டுகள் முதலில் வந்தது பன்னிரண்டு அங்குலத் தனித்தட்டுகளாக, ஒரு தட்டுக்கு ஒரே பாட்டு. ஜெர்மனியில் சம்பளம் வாங்குகிறவருக்கே அப்படிப் பத்துத் தட்டு வாங்குவது பெரிய செலவு. மதுரைக்கு அது எங்கே வரப்போகிறது? தொகுப்பு இல்லாவிட்டால் இந்த இசை எங்கள் தெருவுக்கு வந்தே இருக்காது.

என்னிடம் உள்ள ஒரு பழைய தொகுப்பில் பாட்டுகள் எல்லாம் மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடுகின்றன. அதே பாட்டு இணையத்தில் ஏழு நிமிஷம் ஓடுகிறது. எது அசல்?
– வாசகி, நாகர்கோவில்

இரண்டும் அசல்தான். ஏழு நிமிஷம் ஆடுகிறவர்களுக்கு, மூன்று நிமிஷம் வானொலிக்கு. தொகுப்புக்காரர் ஏன் சின்னதை எடுத்தார் என்பதற்குத் தட்டிலேயே பதில் இருக்கிறது.

தட்டை விளக்குக்கு நேரே சாய்த்துப் பாருங்கள். கோடுகள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. பேஸ் எனும் தாழ்ந்த ஒலி பலமாக அடிக்கும் இடத்தில் கோடு அகலமாக நெளியும். பக்கத்துக் கோடு விலகி இடம் விட வேண்டும். சத்தம் அதிகம் வேண்டுமானால் அகலம் அதிகம் வேண்டும். ஆகவே ஒரு பக்கத்தில் இருபது, இருபத்திரண்டு நிமிஷத்துக்கு மேல் அடைத்தால் கோடுகளை நெருக்க வேண்டும், பேஸைக் குறைக்க வேண்டும், ஒட்டுமொத்த சத்தத்தையும் இறக்க வேண்டும். பன்னிரண்டு அங்குலத் தனித்தட்டு பிறந்த கதையே இதுதான். எழுபதுகளில் நியூயார்க்கில் டாம் மோல்டன் என்பவர் ஒரு பாட்டின் சோதனைத் தட்டை வெட்டச் சொன்னபோது ஏழு அங்குலத் தட்டு தீர்ந்துபோயிருந்தது. பத்து அங்குலத் தட்டில் கோடுகளை விரித்து வெட்டினார்கள். சத்தம் அப்படி எழுந்தது! அதற்கப்புறம் பன்னிரண்டு அங்குலத்துக்குப் போக அதிக நாள் ஆகவில்லை.

எனவே பக்கத்துக்கு எட்டு, ஒன்பது பாட்டு என்று அடைத்த மலிவுத் தொகுப்புகளை நான் தொடமாட்டேன். பக்கத்துக்கு நாலு, ஐந்து இருந்தால் தாராளமாக வாங்கலாம். கடையில் அட்டையைத் திருப்பி எண்ணிப் பார்த்தாலே போதும்.

அட்டையில் ஒரு ஆள், பாடியது வேறு ஆள் என்று படித்தேன். இது ஏமாற்று இல்லையா?
– கல்லூரி மாணவர், சேலம்

தம்பி, கொஞ்சம் ஏமாற்றுதான், ஒத்துக்கொள்கிறேன். டென் ஹாரோ என்ற பெயரில் மேடையில் நின்றவர் ஸ்டெஃபானோ ஸாண்ட்ரி. பார்க்க அழகாக இருப்பார். தட்டில் பாடிய குரல்கள் வேறு. டாம் ஹூக்கர் அதில் முக்கியமானவர், அவரே பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். ‘டென் ஹாரோ’ என்ற பெயரே இத்தாலிய மொழியில் பணத்தைக் குறிக்கும் ‘தெனாரோ’ என்ற சொல்லை ஆங்கிலச் சாயலில் திருகியது.

தமிழ் சினிமா பார்த்து வளர்ந்த நமக்கு இதில் அதிர்ச்சி அடைய என்ன இருக்கிறது? திரையில் ஒரு நடிகர் வாயசைப்பார், குரல் டி.எம்.எஸ்ஸுடையது, அடுத்த படத்தில் வேறு நடிகர், குரல் அதே டி.எம்.எஸ். நாம் இருவரையும் கொண்டாடினோம். ஆனால் நம்மிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது: பின்னணி பாடியவர் பெயர் இசைத்தட்டில் அச்சாகியிருக்கும், ரேடியோவில் பாட்டுக்கு முன்னால் சொல்வார்கள். அங்கே அந்தப் பெயரை மறைத்தார்கள். என் வருத்தம் அதில்தான். கூலி வாங்கிக்கொண்டு பாடிவிட்டுப் போன எத்தனையோ குரல்கள் பெயரில்லாமல் அந்தத் தட்டுகளில் கிடக்கின்றன.

முகங்களை விட்டுவிட்டு, பாட்டின் பெயருக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் சின்ன எழுத்தில் போட்டிருக்கும் இசையமைப்பாளர் பெயர்களைப் படித்துப் பாருங்கள். அப்போது தொகுப்பு வேறு மாதிரி தெரியும். 1983-ல் கஸேபோ பாடிய ‘ஐ லைக் ஷோபின்’ ஒரு பக்கம், அதே வருஷம் ரயன் பாரிஸ் பாடிய ‘டோல்சே விட்டா’ இன்னொரு பக்கம். இரண்டுக்கும் மெட்டு பியர்லூயிஜி ஜியோம்பினி. இரண்டாவது பாட்டின் வரிகளில் கஸேபோவின் கையும் உண்டு. இருபது பாடகர்கள் என்று நாம் நினைக்கிற தட்டில் உண்மையில் ஏழெட்டுக் கைகள்தான் திரும்பத் திரும்ப வேலை செய்திருக்கும்.

வரிகளுக்குப் பொருளே இல்லையே?
– வாசகர், விருதுநகர்

ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாத ஜெர்மானியருக்கும் டச்சுக்காரருக்கும் எழுதியது. ஓசைக்குத்தான் முதல் இடம். ஆனாலும் எல்லாவற்றையும் அப்படித் தள்ளிவிடாதீர்கள். டூரின் நகரத்து இருவர் குழுவான ரிகேய்ரா 1983-ல் ஸ்பானிஷ் மொழியில் ‘வாமோஸ் அ லா பிளாயா’ பாடினார்கள். ‘கடற்கரைக்குப் போகலாம்’ என்று எல்லோரும் கைதட்டி ஆடிய பாட்டு. உள்ளே இருப்பது அணுகுண்டு வெடித்த பிறகான கடற்கரை. கப்பல்காரர் இதை எனக்கு விளக்கிய அன்று சென்டரில் வேலையே ஓடவில்லை.

இங்கிலாந்தின் ‘நவ்’ தொகுப்புகள்தானே எல்லாவற்றுக்கும் முன்னோடி?
– வாசகர், சென்னை

முன்னோடி என்று சொல்ல முடியாது. அதற்கு முன்பே கே-டெல், ரோன்கோ போன்றவர்கள் டி.வி. விளம்பரம் போட்டுத் தொகுப்புகளை விற்றார்கள். ‘நவ் தட்ஸ் வாட் ஐ கால் மியூசிக்’ முதல் தொகுப்பு 1983 நவம்பர் 28-ல் வந்தது. விர்ஜினும் இ.எம்.ஐ.யும் கைகோத்து 30 பாட்டுகள். அவற்றில் 11 முதலிடம் பிடித்தவை. போட்டிக் கம்பெனிகள் சேர்ந்து அசல் பாட்டுகளையே கொடுத்ததுதான் அதன் பலம். இந்தத் தொகுப்புகள் சாதாரண ஆல்பங்களை அமுக்கிவிட்டதால், 1989 ஜனவரியில் அங்கே தொகுப்புகளுக்குத் தனி விற்பனைப் பட்டியலே வைக்க வேண்டியதாயிற்று.

ஆனால் எனக்கு ‘நவ்’ ஒரு வருஷக் கணக்குப் புத்தகம் மாதிரி. ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்ததை ஒரே இடத்தில் கொடுக்கும். மிகுல்ஸ்கியின் தொகுப்பில் யாருக்கும் தெரியாத பாட்டு, தெரிந்த பாட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். எனக்கு அந்தப் பக்கத்து இருக்கைக்காரர்தான் வேண்டும்.

கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் ஒரு பாட்டை இன்னொன்றில் ஒட்டி நிறுத்தாமல் ஓடும் ‘மெகாமிக்ஸ்’ எப்படிச் செய்தார்கள்? நீங்களும் செய்ததுண்டா?
– சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவர், ஒட்டன்சத்திரம்

பிளேடு. ஆமாம், சவரம் செய்யும் பிளேடு, ஒட்டு நாடா, ஒரு பென்சில்.

ஸ்டூடியோ டேப் விநாடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடும். நிமிஷத்துக்கு 120 அடி உள்ள பாட்டில் ஒரு அடிக்கு அரை விநாடி, அதாவது 19 சென்டிமீட்டர் டேப். நாலு அடிக்கு 76. டேப்பைக் கையால் மெதுவாக, அதைப் படிக்கும் ஹெட் மேல் முன்னும் பின்னும் உருட்டினால் டிரம் அடி ‘ம்ம்ப்’ என்று அடித்தொண்டையில் முனகும். அந்த முனகல் தொடங்கும் புள்ளியில் பென்சில் குறி. சாய்வாக ஒரு வெட்டு. அடுத்த பாட்டிலும் அதே மாதிரி. இரண்டையும் ஒட்டினால் அடி தவறாது. ஒரு சொல்லைத் திக்க வைக்க வேண்டுமா? அதே துண்டை ஆறு பிரதி எடுத்து ஆறையும் வரிசையாக ஒட்ட வேண்டும். 1985-ல் பார்சிலோனாவிலிருந்து ‘மாக்ஸ் மிக்ஸ்’ என்ற தொகுப்பு, முதல் ஸ்பானிஷ் மெகாமிக்ஸ் என்று அட்டையில் போட்டுக்கொண்டு வந்தது. இசட்.ஒய்.எக்ஸ். கம்பெனியே ‘இட்டாலோ பூட் மிக்ஸ்’ என்று தனி வரிசை நடத்தியது. நூற்றுக்கணக்கான வெட்டுகள் ஒரு பக்கத்தில்.

இதற்கெல்லாம் மூத்த அண்ணன் நெதர்லாந்தில் பிறந்தது. வில்லெம் வான் கூட்டன் என்பவர் 1979 கோடையில் ஒரு இசைத்தட்டுக் கடைக்குள் நுழைந்தார். தான் உரிமை வைத்திருந்த ‘வீனஸ்’ பாட்டு, அனுமதி இல்லாமல் வேறு பாட்டுகளோடு ஒட்டப்பட்டு அங்கே ஓடிக்கொண்டிருந்தது. நாமே முறையாக இப்படி ஒன்று செய்தால் என்ன என்று யோசித்தார். அப்படி வந்ததுதான் ‘ஸ்டார்ஸ் ஆன் 45’. 1981-ல் அமெரிக்காவில் முதலிடம்.

நீங்கள் என்னையும் கேட்டிருக்கிறீர்கள். நானும் முயன்றேன். கேசட் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர்தான் ஓடும். ஒரு அடிக்கு இரண்டரை சென்டிமீட்டர்கூட இல்லை, பிளேடு நுழைய இடமில்லை. பதிவைச் சற்று நிறுத்திவைக்கும் பாஸ் பட்டனை அடியோடு அடியாக அழுத்தி விடுவதுதான் எங்கள் வழி. ஒவ்வொரு டெக்குக்கும் பட்டனை விட்ட பிறகு டேப் ஓடத் தொடங்க ஒரு தாமதம் உண்டு. அது விரலுக்குப் பழக வேண்டும். என் டெக் பழக நாலு மாதம் ஆனது.

ஹை-எனர்ஜி, யூரோபீட், இட்டாலோ மூன்றும் ஒன்றா?
– வாசகி, புதுச்சேரி

சொந்தக்காரர்கள். ஹை-எனர்ஜி வேகம் கூடியது. சான்ஃபிரான்சிஸ்கோவில் பாட்ரிக் கௌலி அதன் பெரிய கை. 1982-ல், 32 வயதிலேயே போய்விட்டார். லண்டனில் அதை வளர்த்தார்கள். யூரோபீட் என்பது இட்டாலோவின் ஜப்பானிய வாழ்க்கை. எண்பதுகளின் கடைசியில் ஐரோப்பாவில் ஹவுஸ் என்ற புது நடன இசை வந்து இட்டாலோவை ஓரங்கட்டியபோது, அதே இத்தாலிய இசையமைப்பாளர்கள் பலர் ஜப்பானுக்காக வேகத்தைக் கூட்டிச் செய்தார்கள். 1990-ல் தொடங்கிய ‘சூப்பர் யூரோபீட்’ தொகுப்பு வரிசை 2018-ல் 250-வது தொகுதியில் முடிந்தது. தொகுப்பு வைத்தே வாழ்ந்த இசை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

நம் நாட்டில் அந்தக் காலத்தில் இப்படி யாரும் செய்யவில்லையா?
– வாசகர், ஈரோடு

செய்தார்கள். பம்பாயில் சினிமா இசைக்குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982-ல் ரோலண்டின் மூன்று கருவிகளை வைத்துக்கொண்டு பைரவ், மேக மல்ஹார் உள்ளிட்ட பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு இசைத்தட்டு போட்டார். அன்று யாரும் வாங்கவில்லை. 2010-ல் மறுவெளியீடு ஆனபோது ஐரோப்பா வியந்தது. அவர் 2015-ல் காலமானார். கிடைத்தால் கட்டாயம் கேளுங்கள்.

தமிழில் 1986-ன் ‘புன்னகை மன்னன்’ தீம் இசையை யார் மறக்க முடியும்? அந்த வருஷம் சென்டருக்கு வந்த இளைஞர்கள், “அதே மாதிரி வேற என்ன இருக்கு?” என்று கேட்டுத்தான் கப்பல்காரரின் தட்டு பக்கம் வந்தார்கள். இளையராஜாதான் எங்கள் காதைத் தயார் செய்து வைத்திருந்தார்.

இப்போது கேட்க ஆரம்பிக்கிறேன். எந்தத் தொகுப்பிலிருந்து தொடங்கலாம்?
– ஐ.டி. ஊழியர், கோயம்புத்தூர்

இசட்.ஒய்.எக்ஸ். வரிசையின் ஆரம்பத் தொகுதிகளிலிருந்து தொடங்குங்கள். அப்புறம், ஹாலந்தின் ஹேக் நகரத்து டி.ஜே. ஐ-எஃப் தொண்ணூறுகளின் கடைசியில் செய்த ‘மிக்ஸ்ட் அப் இன் தி ஹேக்’. எல்லோரும் குப்பை என்று ஒதுக்கிவிட்டிருந்த பாட்டுகளைக் கலந்து, இவை எவ்வளவு இருண்டவை, எவ்வளவு அழகானவை என்று திரும்பக் காட்டிய கலவை அது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒரே இசையை வெயிலிலும் நிலவிலும் பார்த்த மாதிரி இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. இணையத்தில் ‘80ஸ் ஹிட்ஸ்’ என்று மலிந்து கிடக்கும் தொகுப்புகளில் பல பாட்டுகள் பிற்காலத்தில் மறுபடி பாடிப் பதிந்தவை. பாடகர் அதே ஆள்தான், அதனால் பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. பழைய பதிவின் உரிமை பழைய கம்பெனியிடம் இருப்பதால் புதிதாகப் பாடி விற்கிறார்கள். டிரம்மைக் கவனியுங்கள். அசலில் டிரம் வறண்டு, தனியாக இருக்கும். புதியதில் எல்லாம் வழவழப்பாகக் கலந்து கிடக்கும். நீளத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்பா காலமாகி ஒரு வருஷம் ஆகிறது. அவர் பெட்டியில் ஒரு டி.டி.கே. கேசட் இருந்தது. மேலே ‘டிஸ்கோ 4 – மதுரை’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. போட்டால் மங்கலாக, தண்ணீருக்குள் இருந்து கேட்பதுபோல் இருக்கிறது. சரிசெய்ய முடியுமா?
– வாசகி, தூத்துக்குடி

முடியும் அம்மா. முதலில் அதை இனி எந்தக் கருவியிலும் போடாதீர்கள். வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடி ஜன்னல் வழியாக டேப் சுற்றைப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் பூஞ்சை. கடலோரத்தில் அது சகஜம். அதை அப்படியே ஓட்டினால் ஹெட் முழுக்க அப்பிக்கொள்ளும். பூஞ்சை துடைக்கத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

பூஞ்சை இல்லை என்றால், கேசட்டின் திறந்த வாய்ப்பக்கம் நடுவில் பாருங்கள். ஒரு சின்ன உலோகத் தகடு, அதன் மேல் சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவுக்கு ஒரு கம்பளித் துண்டு இருக்க வேண்டும். டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பசை காய்ந்து அது விழுந்துவிட்டால் நீங்கள் சொல்கிற மாதிரிதான் கேட்கும். முப்பத்தைந்து வருஷத்தில் விழாத பசை இல்லை. மூலைகளிலும் நடுவிலும் திருகு இருக்கிற கேசட் என்றால் வேலை சுலபம். இன்னொரு பழைய கேசட்டை வாங்கி, டேப் சுற்று இரண்டையும் அப்படியே அதன் கூட்டுக்குள் மாற்றிவிடலாம். டேப்பை விரலால் தொடக் கூடாது. மாற்றிய பிறகு பென்சிலைச் சக்கரத்தில் நுழைத்து ஒருமுறை முழுக்கக் கையால் சுற்றுங்கள்.

அதற்குப் பிறகும் மங்கலாகவே இருந்தால், கோளாறு டெக்கின் ஹெட் சாய்வில் இருக்கலாம். ஹெட்டின் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு உண்டு. பாட்டை ஓடவிட்டுக் கால் சுற்றுக்கும் குறைவாக இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். ஒரு இடத்தில் டிரம்மின் ‘ட்ஸ்’ சத்தம் பளிச்சென்று திறக்கும். அங்கே நிறுத்துங்கள். கேட்கத் தொடங்கியதுமே ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டாவது முறைக்குக் காத்திருக்க வேண்டாம்.

‘டிஸ்கோ 4’ என்று எண் போட்டது நானாக இருக்கலாம், வேறு சென்டராகவும் இருக்கலாம். அன்று மதுரையில் இதைச் செய்தவன் நான் ஒருவன் மட்டும் இல்லை. ஆனால் என் நோட்டு இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு பாட்டிலும் காதில் விழும் முதல் நாலு சொல்லை, ஆங்கிலமோ இல்லையோ, கேட்டபடியே தமிழில் எழுதி ஆசிரியர் குழுவுக்கு அனுப்புங்கள். வரிசை என் நோட்டோடு ஒத்துப்போனால், அப்பா அந்த கேசட்டை எந்த மாதம் வாங்கிப்போனார் என்பது வரை சொல்லிவிடலாம்.